அந்தக் காகிதம் யார் கைக்குப் போகும்?

அன்புள்ள ஐயா,

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் அரசிடம் பதிவு செய்யவேண்டும் என்ற உத்தராகண்ட் சட்டத்தை ஓர் உரையில் போகிறபோக்கில் கேலி செய்தீர்கள். என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நாளைக்கே ஒருவன் அவளோடு நான்கு வருடம் இருந்துவிட்டு ‘நீ யார்?’ என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? ஒரு காகிதமாவது கையில் இருக்கட்டுமே, அதில் என்ன தப்பு?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கேலி செய்தது தப்புதான். உங்கள் பயம் நியாயமானது.

2025 ஜனவரி 27 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் பொது சிவில் சட்டத்தில் இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம். பிறக்கும் குழந்தை சட்டப்படியான குழந்தை. அதோடு நின்றிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது. பதிவின் நகல் உள்ளூர் காவல்நிலையத்துக்குப் போகிறது. இருவரில் ஒருவர் 21 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கும் தகவல். அதே சட்டப்படி 18 வயதில் ஒரு பெண் கல்யாணமே செய்துகொள்ளலாம். 20 வயதில் ஒருவனோடு குடியிருந்தால் மட்டும் அப்பாவுக்குச் சொல்லிவிடுவார்கள்!

உங்கள் மகளுக்கான பாதுகாப்பு 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே இருக்கிறது. ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ என்று ஒரு சொற்றொடர் அதில் வருகிறது. அதற்கு என்ன பொருள் என்று உச்சநீதிமன்றம் 2010இல் விளக்கியது நம் கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கில்தான், வேலுசாமி–பச்சையம்மாள் வழக்கு. ஓட்டை இல்லாமல் இல்லை. அவன் ஏற்கெனவே மணமானவன் என்றால் அந்த விளக்கத்தின்படி அவள் வெளியே நிற்கவேண்டியதுதான். உத்தராகண்ட் பதிவேட்டிலும் அப்படிப்பட்ட உறவைப் பதியமுடியாது. அதிகம் ஏமாற்றப்படுபவளுக்கு அந்தக் காகிதமே கிடைக்காது என்று அர்த்தம்.

சில வருடங்களுக்கு முன் நண்பரின் மகனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மதம் பாராமல் பதிவுத் திருமணம் செய்துகொள்வதற்கான தனித் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டல்லவா, அதை வாசலில் ஒட்டியிருந்தார்கள். கம்பிவலைக்குப் பின்னால் ஜோடி ஜோடியாகப் புகைப்படங்கள், கீழே அப்பா பெயர், கதவு எண் வரைக்கும் முகவரி. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் செல்போனில் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மங்கலாக விழுந்ததை அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். சொந்தக்காரர் யாருக்காவது கல்யாணமா என்று கேட்டேன்.

“இல்லைங்க. நம்ம ஆளுங்க புள்ளைங்க எதுனா இருக்கான்னு வாராவாரம் ஒரு பார்வை பாத்துக்கறது.”

பதிவேடு என்றால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. சாதி மாறிப் பழகும் பிள்ளைகள் அவரிடமிருந்து தப்பித்துத்தானே வேறு ஊரில் போய் வீடு எடுக்கிறார்கள்?

காகிதம் வேண்டும் என்கிறீர்களே, மகளிடம் வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணத்தை அவள் கணக்கிலிருந்து கொடுத்தாளா என்றும் கேளுங்கள். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் இதை மட்டும் கேட்பது உங்கள் சாமர்த்தியம்.