மெமன்டின் மூளையை மந்தமாக்குமா?

ஆச்சியின் மறதி நோய்க்கு எழுதிய மெமன்டின், நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பப் பயன்படும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைத் தடுக்குமாமே, இருக்கிற நினைவும் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான், புதிதாக எதையும் கற்கவே குளூட்டமேட் வேண்டுமே. ஆனால் பாளையங்கால்வாய் மடையை நினைத்துப் பாருங்கள்: வயலுக்குத் தண்ணீர் வேண்டும், மடை ராப்பகலாகக் கசிந்துகொண்டே இருந்தால் நாற்று அழுகிவிடும். அல்சைமர் என்ற மறதி நோயில், என்எம்டிஏ ஏற்பிகள் (குளூட்டமேட் பட்டால் திறக்கும், நரம்பு செல்லின் மேலுள்ள துளை வாசல்கள்) அப்படித்தான் ஓயாமல் கால்சியத்தை உள்ளே விட்டு நரம்பு செல்லைச் சாகடிப்பதாகக் கருதுகிறார்கள். மெமன்டின் இந்தக் கசிவை அடைக்கும், நிஜமான சைகை பலமாக வந்தால் சட்டென்று விலகிக்கொள்ளும். அதே துளையில் உட்காரும் கெட்டமின் அவ்வளவு சீக்கிரம் நகராது, அது மயக்க மருந்து. சரி, மெமன்டின் குணமாக்காது, ஆச்சி தானே சேலை கட்டுவது கொஞ்ச காலம் கூடுதலாக நீடிக்கலாம். அப்புறம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸ் குறைக்க வேண்டிவரலாம்.