தலையில் துண்டு போட்ட அம்மா

கேள்வி: என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து கைப்பேசியில் ஒரு நிமிட நகைச்சுவைக் காணொளிகள் எடுத்து வெளியிடுகிறான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னைப் போலவே திட்டி நடிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். பேச்சில் பாதி ஆங்கிலம், மீதியில் பாதி மலாய். இந்தக் கலப்பு தமிழைக் கெடுக்காதா? உங்களைப் போன்றவர்கள் கண்டிக்க வேண்டாமா?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: கலப்புக்காக நான் கண்டிக்க மாட்டேன், சகோதரி. நம் பாட்டிமார் பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தவர்கள்; அந்த ஒரு மலாய்ச் சொல்லால் அவர்களுடைய தமிழ் அழிந்துவிடவில்லை. பாடம் முடிந்து வெளியே வரும் மாணவன் நண்பனிடம் "மக்கான் போலாமா?" என்றுதான் கேட்பான். அதை "உணவருந்தச் செல்வோமா?" என்று திருத்தி நடிக்கவைத்தால், அந்த வரி பொய்யாகிவிடும், பொய்யான வரிக்கு யாரும் சிரிப்பதில்லை. பள்ளியிலேயே இதை உணர்ந்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடத்திட்டத்தை 2005ஆம் ஆண்டில் மறுஆய்வு செய்த குழு, எழுத்துத் தமிழோடு பேச்சுத் தமிழையும் வகுப்பறையில் வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேசத் தெரியாத மொழியில் மாணவனுக்குப் பற்று வராது என்பதை ஆசிரியர்கள் அன்றாடம் கண்டிருந்தார்கள்.

எனக்கு மனத்தாங்கல் உண்டு. அது வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த பிறகு, நம் பிள்ளைகள் எடுத்த இத்தகைய காணொளிகளை இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் தமிழ் பேசுபவர் யார் என்று மட்டும் கவனித்தேன். திட்டும் அம்மா பேசுகிறார். காது கேளாத தாத்தா பேசுகிறார். வழி தெரியாமல் நிற்கும் வெளிநாட்டு ஊழியர் பேசுகிறார். காதலிப்பவனும், தேர்வுக்குப் படிப்பவனும், சுருக்கென்று பதில் சொல்லிக் கைதட்டல் வாங்குபவனும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். நான் பார்த்தவற்றில், தேர்வில் சறுக்கிய நண்பனைத் தமிழில் தேற்றும் ஒரு மாணவன்கூட இல்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் இந்நாட்டுவாசிகளில் 2.5 விழுக்காட்டினர்; பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது 3.3 விழுக்காடாக இருந்தது. இப்படிச் சுருங்கிவரும் நாளில், தமிழ் என்றால் திட்டுவதற்கும் முழிப்பதற்கும் உரிய மொழி என்று பத்து வயதுக் குழந்தையின் மனத்தில் பதிந்துவிட்டால், அதைத் துடைத்தெடுக்க எந்தப் பாடநூலாலும் முடியாது. என் கவலை இதுதான்.

ஊழியரைப் பற்றி இன்னும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டில் மின்னியல் கட்டணச் சேவைக்கான விளம்பரம் ஒன்றில், சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கருமையாக்கிக்கொண்டு இந்தியராகத் தோன்றினார். நாம் எவ்வளவு புண்பட்டோம் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதே நாம், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் நண்பர்களைப் பார்க்க வரும் கட்டுமான ஊழியரின் நடையையும் உச்சரிப்பையும் நடித்துக்காட்டிச் சிரிக்கலாமா? இதை மட்டும் நான் ஒளிவுமறைவின்றிக் கண்டிக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரை அவர் அறியாமல் படமெடுத்துக் கேலியாக வெளியிடுவதும் அவ்வாறே. துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2014 முதல் இந்நாட்டில் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நான்காகச் சொல்கிறது: எள்ளல் (கேலி), இளமை (பிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன் (கொண்டதை விடாத மடமை). நம் பிள்ளைகள் எள்ளல் என்ற ஒரு கிணற்றிலேயே இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மூன்றும் இந்த ஊர் மாணவ வாழ்க்கையில் நிரம்பிக் கிடக்கின்றன. செங்காங் எல்ஆர்டி இலகு ரயில் வட்டப்பாதையில் ஓடுவது. தூங்கிப்போன மாணவன் கண்விழிக்கும்போது, ஏறிய நிலையத்திலேயே மறுபடியும் வந்து நிற்கிறான். இது பேதைமை. 'குழுவாகச் செய்க' என்று விரிவுரையாளர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பெயர் எழுதுவதற்குக்கூட மற்ற மூவரும் வரட்டும் என்று காத்திருப்பவன் மடனுக்கு நல்ல எடுத்துக்காட்டு. உணவங்காடி நிலையத்தில் மேசையின் மேல் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம்பிடித்துவிட்டு, உணவுத் தட்டோடு திரும்பி வரும்போது அதே போன்ற ஐந்து பொட்டலங்களில் தன்னுடையது எது என்று தெரியாமல் நிற்கிறவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இவற்றில் யாரும் சிறுமைப்படவில்லை.

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு மாணவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் மேசையில் தண்ணீர்ப் புட்டி, அதில் சாய்த்து வைத்த கைப்பேசி, பாட்டி வேடத்துக்கு ஒரு பூப்போட்ட போர்வை. பேரன் இரவில் தாமதமாக வருகிறான், "ஏன் லேட்?" என்று பாட்டி அதட்ட வேண்டும். ஏழெட்டு முறை எடுத்தும் அவர்களுக்கே சிரிப்பு வரவில்லை. சந்தைக்குப் போய்விட்டுத் தள்ளுவண்டியோடு வந்த ஓர் அம்மையார் நின்று பார்த்துவிட்டு, "பாட்டி அப்படிக் கேக்கமாட்டா தம்பி. சோறு ஆறிப்போச்சுன்னுதான் சொல்லுவா" என்றார். அந்தப் பையன் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தாளில் பழைய வரியை அடித்துப் புதியதை எழுதிக்கொண்டான். அடுத்த முறை பாட்டி "சோறு ஆறிப்போச்சு" என்றதும், பேரனாக நடித்தவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தான். படமெடுத்தவன் சிரித்துக் கையை ஆட்டியதில் கைப்பேசியே சாய்ந்து விழுந்தது. ஒரு நிமிடக் காணொளியில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 100 சொற்களுக்குத்தான் இடமுண்டு. அந்த நூறில் இரண்டை அன்று அவர்களுக்குக் கொடுத்தவர் ஒரு மூதாட்டி.

படிப்புக்குக் கேடு வருமா என்ற அச்சம் உங்கள் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. தேர்வு வாரத்தில் கைப்பேசியை வாங்கி வையுங்கள். மற்ற நாள்களில் விட்டுவிடுங்கள். எழுதி, நடித்து, வெட்டி ஒட்டி, வேண்டாத நொடிகளை நீக்கப் பழகுகிறவன் சொற்சிக்கனம் கற்கிறான். ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்: திரையின் அடியில் ஓடும் வரிகளைத் தமிழ் எழுத்தில், பிழையில்லாமல் இடச் சொல்லுங்கள். ஐயம் வந்தால் இந்தப் பகுதிக்கு எழுதட்டும். நானே பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

துண்டைப் போட்டுக்கொண்டு அவன் நடிக்கும் அம்மாவுக்கு இப்போதைக்குத் திட்டு மட்டும்தான் பேசத் தெரிகிறது. மற்ற நேரங்களில் நீங்கள் அவனிடம் என்னென்ன பேசுகிறீர்கள் என்பது அவன் காதில் விழுந்திருக்கிறது, தாளில் இன்னும் ஏறவில்லை. அடுத்த காணொளிக்கு அவன் எழுதி வைத்திருப்பதை வாங்கிப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லாத வரி எது என்று அவனிடம் சொல்லுங்கள்.