தோப்பில் கலைத்தெடுக்கும் மரங்களை உயிரிக்கரியாக்கலாமா?

ஒடுகத்தூர் அருகே, ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள உங்கள் இரண்டு ஏக்கர் தோப்பில் வேம்பும் புங்கனும் சீமைக்கருவேலும் நெருக்கமாக வளர்ந்துவிட்டன என்றும், கலைத்தெடுக்கும் மரங்களை எரித்துச் சாம்பலாக்காமல் உயிரிக்கரியாக்கினால், அதாவது மண்வளத்துக்காக நிலத்தில் இடும் கரியாக்கினால், பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உறுதியாகப் பயன் உண்டு. ஆனால் எந்த மரம் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதன்பின் மிஞ்சுவதை மட்டுமே கரிக்கு ஒதுக்குங்கள். கரிக்காகவே மரம் வெட்டத் தொடங்கினால் தோப்பு சில ஆண்டுகளில் புதராகிவிடும்.

நான் என் தோப்பில், நன்றாக உச்சி விரிந்து வளரும் மரங்களுக்குச் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, அவற்றை நெருக்கும் கோணல் மரங்களையும் நோயுற்றவற்றையும் மட்டுமே எடுக்கிறேன். ஒரே முறையில் அதிகம் எடுத்தால் வெயில் நேரே தரையில் விழுந்து மண் வறண்டுவிடும். வெளிச்சம் கிடைத்த இடத்தில் சீமைக்கருவேல் மீண்டும் முளைக்கும். அதை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும் என்பதால் வேரோடு தோண்டியாக வேண்டும். இலைகளையும் சிறு சிம்புகளையும் தரையிலேயே விட்டுவிடுங்கள்.

மலையடிவாரத் தோப்புகளில் பறவைகள் போட்ட விதையிலிருந்து சந்தனம் தானாக முளைப்பதுண்டு. சந்தனத்தின் வேர் பக்கத்து மரங்களின் வேரைப் பற்றி உணவு எடுப்பதால், அருகிலுள்ள புங்கனை வெட்டினால் சந்தனமும் வாடும். வெட்டும் முன் சந்தனக் கன்றுகளைத் தேடிப் பாருங்கள். சந்தன மரத்தை வனத்துறையின் அனுமதியின்றி வெட்டக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து ஒரு சுள்ளியும் எடுக்கக் கூடாது.

மண் மூடிய பழைய கரிமூட்டத்தில் புகை எரியாமலே வெளியேறுகிறது. அதைவிட, வாய் ஐந்தடியும் ஆழம் இரண்டரை அடியும் கொண்ட கூம்புக் குழி நல்லது. மார்கழியில் வெட்டி நன்கு காயவைத்த, மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்படாத கட்டைகளை அடுக்கி, உச்சியில் தீ மூட்டுங்கள். கட்டையின் மேல் வெண்சாம்பல் படியத் தொடங்கும் நேரத்தில் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அப்போது மேலே உள்ள சுவாலை அடியிலிருந்து வரும் புகையை எரித்துவிடுகிறது, காற்றும் அடிக்கரியை அண்டுவதில்லை. வெண்புகை எழுந்தால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது அவசரமாக அடுக்குகிறீர்கள் என்று பொருள். குழி நிறைந்ததும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி முழுவதும் அணைத்துவிடுங்கள். காட்டுத்தீ பரவும் பங்குனி, சித்திரை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம்.

நூறு கிலோ காய்ந்த விறகிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோ கரி கிடைக்கும். நல்ல கரியை ஒடித்தால் கணீரென்று ஒலிக்கும். கையில் ஒட்டிய கருமை வெறும் நீரிலேயே போய்விடும். பிசுபிசுப்பாக இருந்து சோப்பு தேவைப்பட்டால் கரி சரியாக வேகவில்லை. அந்தத் துண்டுகளை அடுத்த குழியில் போடலாம்.

புதுக் கரியை அப்படியே மண்ணில் இட்டால் அது தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பயிரை வாட்டும். தொழு உரத்தோடும் கோமியத்தோடும் கலந்து, ஈரம் காயாமல் மூன்று வாரம் வைத்திருந்து இடுங்கள். நம் செம்மண்ணில் நீரைத் தாங்கிப் பிடிக்க இது உதவும். உங்கள் நிலத்தில் களர்த்தன்மை இருந்தால் கரியும் காரத்தன்மை உடையது என்பதால், முதலில் மண் பரிசோதனை செய்துவிட்டு, புதிதாக நடும் கன்றுகளின் குழியில் மட்டும் சிறிதளவு போட்டுப் பார்ப்பதே சரி.