சத்தி வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கீமோ ஏத்துறாங்க. ஒன்டான்செட்ரோன் குளிசை தந்திருக்கு. சத்தி வந்தால் மட்டும் குடுக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா, சத்திக்குக் குடுக்கிற இன்னொரு குளிசையான டொம்பெரிடோனும் சேர்த்துக் குடுக்கச் சொல்றா.
– ஒரு மகள், களுவாஞ்சிகுடி

பதில்: மகள், அக்காவின்ட அன்பு பெரிசுதான். ஆனால் டாக்டர் எழுதாமல் அந்தக் குளிசை வேணாம். இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். அம்மாவுக்கு இதய வருத்தம் இருந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்க.

வந்த சத்தியை நிப்பாட்டுறதைவிட வராமல் தடுக்கிறது லேசு. ஒன்டான்செட்ரோனைத் துண்டில் எழுதின நேரத்துக்கே, ஓங்காளம் இல்லாவிட்டாலும் குடுங்க. இந்தக் குளிசை மலத்தை இறுக்கும். எங்கட அம்மாமார் இதை வெட்கத்தில் சொல்லமாட்டாங்க. வயிறு ஊதினபிறகுதான் வாய் திறப்பாங்க. இரண்டாம் நாளே நீங்களாகக் கேளுங்க. சத்தியைத் தடுக்க எழுதுற ஸ்டீரொய்ட் மருந்தான டெக்ஸாமெதசோனும் இருந்தால், டாக்டர் வேறு நேரம் எழுதாதவரை, காலைச் சாப்பாட்டோட. இரவில் குடுத்தால் அம்மாவும் தூங்கமாட்டா, நீங்களும்தான்.

மீன் பொரிக்கிற மணம் ஆகாட்டி அடுப்பை முற்றத்துக்கு மாத்துங்க. தண்ணியும் தங்காமல் சத்தி எடுத்தால், அல்லது காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்க.