ஆயிரங்கால் தூண்டிலில் பறவை மாட்டாமல் இருக்க: கேள்வி பதில்

சார், நாங்க காசிமேட்டுல இருந்து சூரைக்குத்தான் ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயிற்றில் நிறைய முள் கோத்தது) விடுறோம். பறவை எப்படி மாட்டுது?

தூண்டில் இறக்கும்போதுதான், அண்ணே. இரை கோத்த முள் முதல் சில விநாடிகள் மேல்மட்டத்திலேயே கிடக்கும். பறவை பாய்ந்து கவ்வும், முள் ஏறிவிடும், இறங்குகிற கயிறு அதையும் சேர்த்து மூழ்கடித்துவிடும். தெற்குக் கடலில் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவைதான் அதிகம் பலியாகிறது. ஒரு தடவைக்கு ஒரே முட்டை இடும், குஞ்சு வளர்ந்து ஜோடி சேரப் பல வருஷம் ஆகும். போன உயிரை அந்த இனம் ஈடுகட்டவே முடியாது.

வெளிநாட்டு லைனரில் (ஆயிரங்கால் தூண்டில் கப்பலில்) வேலைக்குப் போகிறேன். அங்கே என்ன விதி?

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் தீர்மானப்படி, தெற்கு அட்சரேகை 25 டிகிரிக்குக் கீழே, இரவில் இறக்குவது, பறவை விரட்டும் கயிறு (பட்டைகள் தொங்கவிட்டுக் கப்பலுக்குப் பின்னால் கட்டுவது), கிளைக்கயிற்றில் (முள் தொங்கும் சிறு கயிற்றில்) எடை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், தம்பி. மூன்றையும் செய்யுங்கள் என்பேன். பௌர்ணமி வெளிச்சத்தில் இரவு மட்டும் காப்பாற்றாது. வெண்தாடைப் பெட்ரல் என்ற கடற்பறவை இருட்டிலும் இரை தேடும். 10 மீட்டருக்கும் கீழே முங்கி இரையை மேலே கொண்டுவரும், அதை அல்பட்ராஸ் பிடுங்கும்.

எடை எவ்வளவு, எங்கே கட்டணும்?

முள்ளிலிருந்து அரை மீட்டருக்குள் 40 கிராம், அல்லது 1 மீட்டருக்குள் 60, அல்லது 2 மீட்டருக்குள் 80. தள்ளிக் கட்டினால் ஈயம் இறங்கும், முள் மேலேயே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் கப்பல் 100 மீட்டர் தள்ளிப்போக சுமார் 24 விநாடி. முள் விநாடிக்குச் சுமார் 0.4 மீட்டர் இறங்கினால்தான் அதற்குள் 10 மீட்டர் ஆழம் போகும்.

ஒரு எச்சரிக்கை. தூண்டிலை ஏற்றும்போது சுறா தங்கூசியை (நைலான் நரம்பை) கடித்து அறுத்தால் ஈயம் தோட்டா மாதிரி முகத்துக்கு வரும். வழுக்கி நகரும் வகை ஈயம் போடுங்கள், ஹெல்மெட்டும் கண்ணாடியும் அவசியம்.

விரட்டும் கயிறு தூண்டில் போயாவில் (மிதவையில்) சிக்குதே?

இரை விழும் இடத்துக்குக் காற்று வரும் பக்கமாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்று அதைத் தூண்டில் மேலேயே தள்ளும். கட்டும் கம்பம் உயரமாக இருக்கட்டும்: 35 மீட்டருக்குக் குறைந்த கப்பலில் நீர்மட்டத்துக்கு மேல் 6 மீட்டர், கயிறு 75 மீட்டர் வரை தண்ணீரைத் தொடாமல் நிற்க வேண்டும். நுனியில் போயா கட்டி இழுக்காதீர்கள், அதுதான் மாட்டும்; நீளக் கயிறே போதுமான இழுவை தரும். தொங்கும் பட்டைகளைச் சுழலியில் பூட்டுங்கள், முறுக்கிக்கொள்ளாது.

உயிரோட வந்துட்டா?

கப்பலை மெதுவாக்கி, வலைக்கூடையால் தூக்குங்கள். தங்கூசியைப் பிடித்து இழுக்காதீர்கள். துண்டால் மூடி, இறக்கையை மடக்கி, தலையைப் பிடியுங்கள். முள்ளின் செவுளை (நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறுமுள்ளை) வெளியே தள்ளிக் கட்டரால் வெட்டிவிட்டு, தண்டைப் பின்னோக்கி எடுங்கள். விழுங்கியிருந்தால் நோண்டாமல் தங்கூசியை முள்ளுக்கு நெருக்கமாக வெட்டிவிடுங்கள். பூபி வகைக் கடற்பறவைக்கு வெளியே மூக்குத் துளை கிடையாது, வாயால்தான் மூச்சு. அலகை இறுக்கி மூடவே கூடாது.