வராந்தாவில் நிற்கும் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். நான் பிரம்பைத் தொடுவதில்லை. தாமதமாக வருபவர்களையும் வீட்டுப்பாடம் எழுதாதவர்களையும் முதல் பாடவேளை முழுவதும் வராந்தாவில் நிறுத்துவேன். இதுவும் தண்டனைதான் என்று ஒரு மாணவியின் தாய் சண்டைக்கு வந்துவிட்டார். 52 பிள்ளைகளை வேறு எப்படித்தான் கட்டுப்படுத்துவது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தத் தாய் சொன்னது சரி. தமிழ்நாடு 2003இலேயே கல்வி விதிகளைத் திருத்தி, மாணவரின் உடலையும் மனத்தையும் நோகச்செய்யும் தண்டனைகளை விலக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. சட்டத்துக்குப் பயந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் பாடவேளை கணக்கு என்றால், வெளியே நின்ற பிள்ளைக்கு அன்றைய கணக்கு புரியாது. புரியாததை வீட்டில் எழுத முடியாது. மறுநாளும் அதே வராந்தாதான். போகிறவர் வருகிறவர் பார்க்க நின்று கூசிப்போன பிள்ளை, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதவும், பெற்றோர் கையெழுத்தைத் தானே போடவும், கடைசியில் பள்ளிக்கே மட்டம் போடவும் பழகிக்கொள்கிறது.

காசிமேட்டில் ஒரு பள்ளியில், அப்படி நிறுத்தப்பட்ட சிறுமி ஒருத்தி சன்னலை ஒட்டி நின்று, கரும்பலகையில் இருந்த கணக்கை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அம்மா விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்விடுவதால், தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் அவள் வர முடியும். எத்தனை நாள் நிறுத்தினாலும் அங்கன்வாடி திறக்கும் நேரம் மாறப்போவதில்லை.

தாமதமாக வருகிறவர்கள் பேசாமல் பின்பெஞ்சில் வந்து உட்காரட்டும். காரணத்தை இடைவேளையில், மற்றவர் காதில் விழாமல் கேளுங்கள். வீட்டுப்பாடம் எழுதாதவர்களை மாலையில் கடைசிப் பாடவேளையில், நன்றாகக் கணக்குப் போடும் தோழர் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச்செய்யலாம். வீட்டில் விளக்கும் இடமும் இல்லாத பிள்ளைகளுக்கு அதுதான் ஒரே வழி. வகுப்பு விதிகளை ஜூன் மாதத்திலேயே பிள்ளைகளோடு பேசி முடிவுசெய்தால், மீறியவரிடம் அவர்களே கேட்பார்கள்.

52 பேர் என்பது உங்கள் குற்றமன்று. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது அதே சட்டம். உங்களோடு சண்டையிட்ட அந்தத் தாயையே துணைக்கு அழைத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைக் கேளுங்கள்.

காரணம் கேட்கத் தொடங்கினால், வீட்டில் அடிவாங்கும் பிள்ளை ஒன்று உங்களிடம் வாய்திறக்கக்கூடும். அப்போது பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.