பாரோவா லெண்டா, ஃபேரா ஃபீயா: இந்த வாரக் கேள்விகள்

இந்த வாரமும் பாதிப் பேர் ரெண்டு இங்கிலிஷ் வார்த்தைய மட்டும் டைப் பண்ணி "எது சரி சார்?"னு கேட்டிருக்கீங்க. வாக்கியம் இல்லாம வார்த்தைக்கு சரி, தப்பு கிடையாதுன்னு எத்தனை தடவ சொல்றது. முழு வாக்கியத்தையும் அனுப்புங்க.

ஜார்ஜ் டவுன் ஹிஸ்டாரிக் சிட்டியா, ஹிஸ்டாரிக்கல் சிட்டியா? (பினாங்கு)

ஹிஸ்டாரிக். 2008ல யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்ப வச்ச பேரே "ஹிஸ்டாரிக் சிட்டிஸ் ஆஃப் தி ஸ்ட்ரெய்ட்ஸ் ஆஃப் மலாக்கா"தான். வரலாற்றுல பேர் வாங்கின இடம், நாள், சம்பவம்னா ஹிஸ்டாரிக், மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைச்ச 1957 ஆகஸ்ட் 31 மாதிரி. பழைய காலத்தப் பத்தினது, முக்கியமோ இல்லையோ, ஹிஸ்டாரிக்கல். ஹிஸ்டாரிக்கல் நாவல்னு சொல்றோம்ல, அது.

எகனாமிக், எகனாமிக்கல், எது சரி? (காஜாங்)

ரெண்டும் சரி. எதுக்கு வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே. பொருளாதாரத்தப் பத்தினா எகனாமிக், 1971ல நம்ம மலேசியாவுல வந்த நியூ எகனாமிக் பாலிசி மாதிரி. காசு மிச்சம் பிடிக்கிறதுன்னா எகனாமிக்கல். மைவி காடிக்கு (கார்) எண்ணெய் கம்மியாதான் ஆகுதுன்னு சொல்லணும்னா இதப் போடுங்க.

மக "கேன் யூ பாரோ மீ யுவர் பென்"னு எழுதி மார்க் போச்சு. டியூஷன் பேப்பர்ல பாரோ, லெண்ட் ரெண்டுக்கும் மலாய்ல 'பின்ஜாம்'னுதான் போட்டிருக்கு. வீட்ல தமிழ் பேசறதாலதான் இங்கிலிஷ் குழம்புதுன்னு அங்க சொல்றாங்க. தமிழ நிறுத்திடலாமா? (செந்தூல்)

தயவுசெஞ்சு நிறுத்தாதீங்கம்மா. இதக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. குழப்பினது தமிழ் இல்ல, அந்தப் பேப்பர். பாரோ, லெண்ட் ரெண்டையும் தமிழ் எப்பவோ பிரிச்சு வச்சிருக்கு: இரவல் வாங்கறது பாரோ, இரவல் குடுக்கறது லெண்ட், அவ்வளவுதான். உங்க மகளுக்கு இது பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே தெரியும். பேச்சு மலாய்ல வாங்குனாலும் குடுத்தாலும் பின்ஜாம்தான், மலாய்க்கு அது சரி, ஆனா அந்த ஒரே வார்த்தைய எடுத்து ரெண்டு இங்கிலிஷ் வார்த்தைக்குப் பக்கத்துலயும் எழுதிட்டு புள்ளைக்குப் புரியலன்னு புள்ளையோட தாய்மொழி மேல பழி போடறது என்ன நியாயம்.

இது பின்ஜாமோட நிக்கல. மலாய்ல கொண்டு வர்றதுக்கும் கொண்டு போறதுக்கும் 'பாவா'தான், அத மனசுல வச்சுக்கிட்டு எழுதறவங்க பிரிங்கையும் டேக்கையும் மாத்தி மாத்திப் போடறாங்க. தமிழ்ல பிரிங்னா கொண்டு வா, டேக்னா கொண்டு போ. போய்க் கூட்டிட்டு வர்றது ஃபெட்ச். அதனால பையன ஸ்கூல்ல இருந்து ஃபெட்ச் பண்ணலாம், ஸ்கூலுக்கு ஃபெட்ச் பண்ண முடியாது, காலைல கூட்டிட்டுப் போறதுக்கு டேக்தான். அப்புறம் 'ஹந்தார்', மலாய்ல அனுப்பறதுக்கும் கொண்டு போய் விடறதுக்கும் இதே வார்த்தைதான்: "ஐ செண்ட் மை ஹஸ்பண்ட் டு கேஎல்ஐஏ"ன்னு (கேஎல்ஐஏ நம்ம ஏர்போர்ட்) கோலாலம்பூர்ல எல்லாரும் பேசறோம், எல்லாருக்கும் புரியுது, ஆனா வெள்ளைக்காரனுக்கு அது புருஷன நீங்க எங்கயோ அனுப்பி வச்ச மாதிரிதான் கேக்கும், நீங்க காடி ஓட்டிட்டுப் போனது அதுல இருக்காது. ட்ராப்னு சொல்லுங்க. நம்ம 'கொண்டு போய் விடறது' அதான்.

ஐந்நூறுக்கு மேல தமிழ்ப் பள்ளி இருக்கற நாட்டுல, தமிழ் படிச்சா இங்கிலிஷ் வராதுன்னு தமிழ்ப் பெத்தவங்ககிட்டயே சொல்றாங்க, அவங்களும் நம்பறாங்க. நம்பாதீங்க. மகள உக்கார வச்சு, "எனக்கு உன் பேனாவ இரவல் குடு"ன்னு முதல்ல தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. குடுன்னு வாயில வந்துச்சா, லெண்ட். "லெண்ட் மீ யுவர் பென்." மறுபடியும் சொல்றேன், வார்த்தையா மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, வாக்கியமா சொல்ல வைங்க.

ஃபேர், ஃபீ, டோல், எல்லாம் கட்டணம்தானே, எத வேணா போடலாமா? (சுபாங்)

கூடாது. இங்க தமிழ் கைகுடுக்காது, நம்ம கட்டணம் எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிக்குது. ஏறிப் போறதுக்குக் குடுக்கறது ஃபேர்: எல்ஆர்டி ரயில், பஸ், டாக்ஸி. ஒருத்தரோட வேலைக்கோ படிப்புக்கோ சேரறதுக்கோ குடுக்கறது ஃபீ: லாயர், டாக்டர், டியூஷன். ரோட்டுக்கும் பாலத்துக்கும் டோல். பட்டர்வொர்த் பக்கத்துல இருந்து பஸ்ல பினாங்கு பாலம் ஏறுனா நீங்க குடுக்கறது ஃபேர், அந்த பஸ் பாலத்துக்குக் கட்டறது டோல்.

ஆபிஸ்ல எல்லாரும் "ப்ளீஸ் ரிவர்ட்"னு எழுதறாங்க. தப்பா? (கோலாலம்பூர்)

இங்க, சிங்கப்பூர், இந்தியா, இந்த மூணு எடத்துலயும் 'பதில் போடுங்க'ன்னு புரிஞ்சுப்பாங்க. ஆனா ரிவர்ட்னா பழைய நிலைக்குத் திரும்பறது. வெளிநாட்டுக்குப் போற மெயில்னா ரிப்ளைன்னே எழுதுங்க, யாரும் குறை சொல்ல முடியாது. "ரிவர்ட் பேக்" மட்டும் எங்கயும் வேணாம், திரும்பறது ரிவர்ட்குள்ளயே இருக்கு.

லாரி டேங்க்ல ஃப்ளேமபிள்னும் இருக்கு, இன்ஃப்ளேமபிள்னும் இருக்கு. ரெண்டாவது பத்திக்காதா? (கிள்ளான்)

பத்திக்கும்! ரெண்டும் ஒரே அர்த்தம். பத்திக்காததுக்கு நான்-ஃப்ளேமபிள். சிகரெட்ட அணைச்சுட்டுத் தள்ளி நில்லுங்க.

கன்டின்யுவஸ், கன்டினியுவல்? (ஈப்போ)

வாக்கியம் எங்க? சரி. நிக்காமப் பேஞ்சா கன்டின்யுவஸ் ரெய்ன். விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வந்தா கன்டினியுவல், போன் அடிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி.

ஃபியூவுக்கும் எ ஃபியூவுக்கும் ஒரு எழுத்துதானே வித்தியாசம், எஸ்பிஎம் பரீட்சைல மார்க் வெட்டுவாங்களா? (சுங்கை சிப்புட்)

வெட்டுவாங்க தம்பி, அர்த்தமே தலைகீழாயிடுது. "ஐ ஹேவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்"னா எனக்கு சில கூட்டாளிங்க இருக்காங்கன்னு சொல்ற, நல்ல விஷயம். அந்த 'எ'வ விட்டுட்டா ஆளே இல்லாத மாதிரி, குறையா சொல்ற. வாக்கியத்த எழுதிட்டு நீ சொல்ல வந்தது 'இருக்கு'வா 'இல்ல'யான்னு பாரு. இருக்குன்னா 'எ' போடு. எண்ண முடியாத தண்ணி, டைம், காசுக்கு லிட்டில், எ லிட்டில், அதுக்கும் இதே கணக்குதான்.